மலை பெய்த நாள்

காலையிலேயே காலணி வாயைத் திறந்துவிட்டது.
வலது கால். அடித்தோல் பாதி கழன்று
எட்டு வைக்க எட்டு வைக்கச் 'சப், சப்'.
கொடியேற்றத்தின்போது எல்லோரும் அசையாமல் நிற்க
அவன் மட்டும் கால் மாற்றிக்கொண்டான்.
சப்.
முன்வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

யுகேஷுக்கு ஒன்பது வயது.
ஒன்பது வயதில் அழக்கூடாது என்பது
அவனே போட்டுக்கொண்ட சட்டம்.

மூன்றாம் பாடவேளை, சொல்வதெழுதுதல்.
நேற்று மாலை மழை பெய்தது.
ஆசிரியர் இரண்டு முறை சொன்னார்,
நாக்கை நன்றாக மடித்துத்தான் சொன்னார்.
பென்சில் மடியவில்லை.
நேற்று மாலை மலை பெய்தது
என்று எழுதிக் கொடுத்துவிட்டு
நிம்மதியாகச் சன்னலைப் பார்த்தான்.

பத்துக்கு ஆறு. அதுகூடப் பரவாயில்லை.
தாள் திரும்பி வந்தபோது
பக்கத்து மேசை ஹர்வினா
உரக்கப் படித்துவிட்டாள்.
"டேய், பாறை விழுது, ஓடுங்க!"
பையைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு
மேசைக்கடியில் புகுந்தவன்
அதுவரை நண்பனாக இருந்த நவீத்.

இடைவேளையில் இவன் முறை வந்தபோது
மீ கோரெங் தீர்ந்திருந்தது.
பள்ளி விட்டதும்
மழை வந்தது, சிறப்பு ழகரத்திலேயே வந்தது.
குடை வகுப்பறையில்.
இரண்டு பேருந்து நிறுத்தத் தூரம்
சப், சளக், சப், சளக்.

புளோக்கின் மின்தூக்கியில் ஏற்கெனவே இருவர்.
நிற்கும் மின்விசிறி ஒன்றைக்
கட்டிப்பிடித்தபடி ஒரு சீனப் பெண்மணி.
உணவுப் பையை முதுகில் சுமந்த மலாய் இளைஞர்.
ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில்
ஒரு குலுக்கல்.
விளக்கு கண்ணைச் சிமிட்டியது.
பிறகு எதுவும் நகரவில்லை.

யுகேஷ் சட்டத்தை மீறினான்.
காலணி, தாள், நவீத், குடை
எல்லாம் ஒரே மூக்கு வழியாக வெளியேறின.

மணியை அழுத்தினார்கள்.
இருபது நிமிடம் என்றது சுவரில் ஒரு குரல்.
வியர்த்தது.
பெண்மணி நான்கு சுவரிலும் மின்குழி தேடினார்,
இல்லை என்று தெரிந்தும் தேடினார்,
தானே சிரித்துவிட்டு
விரலை விட்டு இறக்கையைச் சுழற்றினார்
இவன் முகத்துக்கு நேராக.
காற்றென்று சொல்ல முடியாது. ஆனாலும்.

இளைஞரின் கைபேசி அலறியது.
பன்னிரண்டாம் மாடி. இரண்டு ஐஸ் கச்சாங்.
"மாட்டிக்கிட்டோம் மேடம், உருகிக்கிட்டிருக்கு."
கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு,
"அழறது யாரு?"
"ஒரு பையன்."
"அப்ப சாப்பிடுங்க. சீக்கிரம்."

கிண்ணம் இரண்டு, கரண்டி இரண்டு, வாய் மூன்று.
ருஸ்லான் (பெயரை அப்போதுதான் சொன்னார்)
மூடியை மடித்துக் கரண்டியாக்கினார்.
சிவப்பு உச்சி, பச்சைச் சரிவு,
அடிவாரத்தில் மக்காச்சோளமும் அவரையும்
வழுக்கி வழுக்கி ஓடும் அத்தாப் சீயும்.

"எதுக்கு அழுதே?"
சொன்னான். மழையை ஹுஜான் என்றும்
மலையைப் புக்கிட் என்றும்
மாற்றிச் சொல்ல வேண்டியிருந்தது.
ருஸ்லான் வாயிலிருந்த ஐஸை விழுங்கினார்.
"நாம இருக்கிறது எங்கே? புக்கிட் பாஞ்சாங்.
ஊர் பேரே நீள மலை.
இங்கே பெய்யாம வேற எங்கே பெய்யும்?"
சொல்லி முடிக்கவும் உச்சி சரிந்து
கிண்ணத்தின் ஓரமாய்ச்
சொட்டியது, சிவப்பாக,
யுகேஷின் சட்டைக் கையில்.
மூவரும் அதையே பார்த்தார்கள்.

கதவு திறந்தபோது
இன்னும் நான்கு அவரை மிச்சமிருந்தது.
பழுது பார்க்க வந்தவர் மன்னிப்புக் கேட்டார்.
யாருக்கும் அது காதில் விழவில்லை.
பெண்மணி மின்விசிறி வடத்தைக் கட்டியிருந்த பட்டையை அவிழ்த்து
காலணியின் வாயைச் சுற்றிக் கட்டிவிட்டுப் போனார்,
வடம் பின்னால் தரையில் இழுபட.

"ஏன்டா இவ்வளவு நேரம்?" என்றாள் அம்மா.
எங்கே தொடங்குவதென்று தெரியாமல்
நாக்கை நீட்டிக் காட்டினான்.

இரவு, திருத்தம் பத்து முறை.
நேற்று மாலை மழை பெய்தது.
நேற்று மாலை மழை பெய்தது.
சிவந்த நாக்கை மடித்து மடித்து
ஒன்பது வரை பிழையில்லை.
பத்தாவது வரியின் நடுவில்
சட்டைக் கை பட்டு
ஒரு சிவப்புக் கறை.
அழிப்பானை எடுத்தான்.
பிறகு வைத்துவிட்டான்.